பிள்ளையை எங்கே அனுப்புவது?

போன மாதக் கடைசி ஞாயிறு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. துணுக்காய்ப் பக்கத்தில் ஓர் ஊர்... பெயர் வேண்டாம். நான்தான் காரியதரிசி. ஆகவே இனி வரும் வெட்கத்தில் எனக்கும் பங்குண்டு.

விஷயம், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தைப் பற்றியது. தகப்பன் எங்கள் சங்கத் தலைவரின் வயலில் கூலி. பத்து வயது மகளிடம் அந்தத் தலைவர் தவறாக நடந்திருக்கிறார் — ஒரு தடவை அல்ல. பிள்ளை தாயிடம் சொல்லிவிட்டாள். தாய் எங்களிடம் வந்து அழுதாள்.

தலைவருக்கு அன்று காய்ச்சலாம், வரவில்லை. மற்ற எல்லோரும் இரண்டு மணித்தியாலம் பேசினோம். எதைப் பற்றி? பிள்ளையின் எதிர்காலம் பற்றி! கதை வெளியே போனால் நாளைக்கு இவளை யார் கட்டுவான் என்று ஒருவர் கவலைப்பட்டார். பத்து வயதுக்கு மாப்பிள்ளைக் கவலை!

கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம்: பள்ளிக்கூடத்தை நிறுத்தி, நெடுங்கேணியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவளை அனுப்புவது. மாங்குளம் வரை கொண்டுபோய் பஸ் ஏற்ற வாகனம்? ஊரில் இருப்பது ஒரேயொரு ட்ரக்டர். அதுவும் தலைவருடையது. கேட்டால் தருவார், நல்ல மனுஷன் என்றார் ஒருவர்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

தாய் எங்களை நம்பிக்கொண்டிருக்கவில்லை. சமூகசேவை உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் ஓர் இளம் பெண். சைக்கிளில் வந்து, ஒரு காலை முழுக்கத் தாயோடும் பிள்ளையோடும் இருந்தார். பிறகு என் வீட்டுக்கு வந்து கூட்டக் குறிப்பை வாங்கி வாசித்தார். நான் இழுத்துப் போட்ட கதிரையில் இருக்கவும் இல்லை.

"பிள்ளையிட்ட ஆராவது கேட்டனீங்களோ?"

இல்லை என்றேன்.

"நான் கேட்டனான். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்... 'நான் என்னா தப்பு செஞ்சேன் மிஸ், என்னைய ஏன் அனுப்புறாங்க?' எண்டு. நல்லாத்தான் தண்டனை குடுத்திருக்கிறியள் ஐயா. ஆள்தான் மாறிப்போச்சு."

வெட்கமாக இருந்தது.

அன்றே அவர் தாயைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். நானும் போய், அந்தக் குறிப்பைக் கொடுத்தேன். தலைவரைப் பிடித்துவிட்டார்கள். வழக்கு எப்படிப் போகுமோ தெரியாது. தகப்பனுக்கு வேறு வயலில் வேலை தேடிக் கொடுத்ததும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் பிறகு வகுப்புக்கும் கூட்டிப்போனதும் அதே மிஸ்தான். பிள்ளை இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

சங்கத்தார் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சைக்கிளில் வந்தவா ஊர் மானத்தை வாங்கிப்போட்டாவாம்.

அது எங்களிடம் எப்போது இருந்தது என்றுதான் நானும் யோசிக்கிறேன்.