விண்வெளி வீரருக்கு இடியப்பம்

கண்டி மஹய்யாவவில் என் சித்தப்பா வீட்டுக்குக் கீழே ஒரு களஞ்சிய அறை இருக்கிறது. நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தடி. அது பன்னிரண்டு நாட்கள் விண்கலமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்குப் புறப்பட்டது. பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை மாலை 4.52க்குத் தரையிறங்கியது. நேரங்களில் சந்தேகம் வேண்டாம். பாடசாலைக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் எப்போது விட்டது என்பதையும் எழுதுவேன்.

படம் எடுத்தது சித்தப்பாவின் மகள், என் தங்கை. டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். விண்கலத்தில் தன்னந்தனியாக நானூறு நாள் இருந்து மெல்ல மெல்லப் புத்தி பேதலிக்கும் ஒருவனைப் பற்றி மூன்று வருடமாகக் கதை எழுதி வைத்திருந்தாள். கட்டாரில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. பயணம் ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

"முடிக்காமப் போனேன்னா அங்க போயி மறந்துருவேன் அண்ணே. சம்பளம் வரும், மறந்துருவேன். எனக்குப் பயமே அதுதான்" என்றாள்.

பயணத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அச்சகத்தில் லீவு போட்டுவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு காட்சியில் மேசையின் இடப்பக்கம் இருந்த கோப்பை அடுத்த காட்சியில் வலப்பக்கம் போய்விடாமல் பார்ப்பது என் வேலை. இப்படியொரு வேலை உலகத்தில் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் அச்சகத்துக்கே போயிருக்க மாட்டேன்.

சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட். ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன். வேலை செய்யாத கீபோர்டுகள் ஏழு. கதவுக்கு உட்பக்கம் தகரம் அடித்தோம். கெமரா என்பது தங்கையின் போன். வீரரின் உடை பெயின்டர்கள் போடும் வெள்ளை ஓவரோல், முன்னால் நீளமான சிப்.

வீரராக நடித்தவர் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன்; எங்களுக்கு அவர் நானா. ஆள் ஒல்லி. கன்னம் ஒட்டி, கண் பெரிதாக, பார்த்தாலே பாவமாக இருக்கும். தங்கை அவரைத் தெரிவு செய்ததே அந்த முகத்துக்காகத்தான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு தினமும் இரண்டு மணிக்கு வந்துவிடுவார்.

ஒட்டுத்தாடி வாங்க வசதியில்லை. அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன்: முதல் நாள் மழுங்கச் சிரைத்த முகத்தோடு தொடங்கி, கதை நடக்கும் ஒழுங்கிலேயே எடுப்போம், தாடி தானாக வளரட்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தினமும் இரண்டு பத்துக்குத் தீக்குச்சியைப் பக்கத்தில் வைத்து அவருடைய தாடியை அளந்து கொப்பியில் எழுதினேன். முதல் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்வந்த நானா சொன்னார்: "பள்ளில எல்லாரும் மாஷா அல்லாஹ்ன்றாங்க. உம்மாக்கும் சந்தோஷம். ரொக்கட் ஓட்டத்தான் வளக்கிறேன்டு எப்பிடிச் சொல்ற?"

தொல்லை இரண்டாம் நாளே தொடங்கியிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. வீரர் வானொலியில் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் அழும் காட்சிக்கு ஒத்திகை. நானா நன்றாகவே அழுதார். சற்று நேரத்தில் கதவில் மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. தகரத்தில் அந்தச் சத்தம் கோயில் மணிபோல உள்ளே சுற்றியது.

பக்கத்து வீட்டு அக்கா. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். ஒரு கையில் மூடிய தட்டு, மற்றக் கையில் கதவைத் தட்டிய அகப்பை.

"யாரு உள்ள அழுறது?"

"நடிப்புக்கா" என்றாள் தங்கை.

"நடிப்போ என்னவோ. ஒரு மனுசன் கதவச் சாத்திக்கிட்டு அழுறான், பேசாம இருக்க முடியுமா? இந்தா, இடியப்பமும் சொதியும். மீன் சொதிதான், இறைச்சி இல்ல. நானாவ யோசிக்காமச் சாப்பிடச் சொல்லு."

எங்கள் தெருவில் வாசலுக்கு வந்த தட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கம் கிடையாது. சாப்பிட்ட தட்டை வெறுமையாகக் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. சித்தி அதில் நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் அக்கா இரண்டு தட்டோடு வந்தார். சித்தி கேக் துண்டு வைத்தார். இப்படியே போட்டி வளர்ந்தது. நானாவும் சளைக்கவில்லை. மூன்று மணிக்கு நானூறு நாள் தனிமையில் பட்டினி கிடப்பார். மூன்றரைக்குத் தட்டுச் சத்தம் கேட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிடுவார். எல்லா ஒலிப்பதிவிலும் அந்தத் தட்டுச் சத்தம் இருந்தது.

எட்டாம் நாள், சனிக்கிழமை, 2.20. சிப் நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

நான் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் இழுத்தோம். நானா மூச்சைப் பிடித்தார். சிப் அசையவில்லை. முதல் நாள் எடுத்த படத்தைப் போனில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கதைப்படி, உணவு தீர்ந்து எலும்பும் தோலுமாக இருக்க வேண்டிய நாள் அது. எங்கள் வீரருக்குக் கன்னம் பளபளத்தது. கழுத்தைக் காணவில்லை.

"அண்ணே, நீங்க தெனமும் அளந்தீங்களே" என்றாள் தங்கை.

"தாடியைத்தான் அளந்தேன்" என்றேன்.

"நோன்பு பிடிச்சிப் பாக்கட்டா?" என்று கேட்டார் நானா. பிறகு அவரே, "சரிவராது. நோன்பு மாசத்திலயும் எனக்கு எட கூடத்தான் செய்யும்" என்றார்.

தங்கை வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். வியாழனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கதையில் முக்கியமான கடைசிப் பகுதி, ஒட்டி உலர்ந்த மனிதனின் பகுதி, இன்னும் எடுக்கவேயில்லை. என் கொப்பியை வாங்கிச் சும்மா புரட்டினாள். கோபத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

"அண்ணே, இதப் பின்னால இருந்து ஓட்டுனா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டாம் நாளை முதல் நாளாக்குவதா? நாள் ஒழுங்கைக் குலைப்பது எனக்குப் பொய்ச்சாட்சி சொல்வதுபோல. "அப்படியென்றால் தாடியோடு தொடங்கி வழித்த முகத்தோடு முடியும்" என்றேன். "தொடக்கத்தில் தாடி இருப்பதற்குக் காரணம் சொல்லலாம், நீண்ட உறக்கத்திலிருந்து விழித்தவன் என்று. ஆனால் பார்க்க ஒருவருமே இல்லாத இடத்தில் ஒருவன் எதற்காகச் சவரம் செய்கிறான்?"

மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

உள்ளே நானா எழும்பினார். முகத்தைத் துடைத்தார், தலைமயிரைக் கையால் படிய வைத்தார், கொலரை நிமிர்த்தினார், பிறகுதான் கதவுப் பக்கம் நடந்தார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ வர்றாங்கண்ணே" என்றாள் மெதுவாக. "கலத்துக்கு வெளிய யாரோ தட்டுறது அவனுக்குக் கேக்குது. அதுக்காகத்தான் தெனமும் தாடியக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறான், கடைசில சவரம் பண்றான்."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உடை கிழியும் நிலையில் அழுதவன் இப்போது முதல் வாரத்தில் அழுதான். அது நியாயமாகவும் இருந்தது: புது இடத்தில் ஆள் முதலில்தானே அழுவான். முதல் மூன்று நாள் உற்சாகமாக எடுத்த காட்சிகள், சீட்டியடித்துக்கொண்டு மேசை துடைப்பதும் கோப்பைகளை அடுக்குவதும், கடைசிக்குப் போயின. உலர்ந்த மனிதன் ஒருவன், வராத விருந்தாளிக்காகச் சந்தோஷமாக மேசை துடைக்கிறான். அதே காட்சிதான், முன்பு சிரித்த இடத்தில் இப்போது பயமாக இருந்தது. சவரக் காட்சியில் கன்னம் தெரியாமல் கத்தியையும் தாடையையும் பேசின் தண்ணீரையும் மட்டும் எடுத்தோம். "அடுத்த ஜும்மாக்கு நான் என்னத்தச் சொல்ற?" என்று நானா கண்ணாடியைப் பார்த்து முனகியதும் பதிவாகிவிட்டது. அதை வெட்டினோம். தட்டுச் சத்தத்தை ஒன்றுகூட வெட்டவில்லை.

புதன்கிழமை பிற்பகல் அந்த அறையிலேயே வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டோம். வெளியே நல்ல வெயில். உள்ளே பொலித்தீன் தயவில் விண்வெளி. முதல் தட்டுக்கே அக்கா எழும்பி நின்றுவிட்டார்: "அடியே, இது என் அகப்ப!" பிறகு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில், முதல் நாள் எடுத்த துண்டில், வீரர் வழித்த முகத்தோடு கதவின் பிடியில் கை வைக்கிறார். படம் அத்தோடு முடிகிறது.

"தொறந்தானா இல்லையா?" என்றார் அக்கா. "வெளிய நான் எவ்வளவு நேரம் சூடான தட்டோட நிக்கிறது?"

தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். மணி 4.52. எழுதிக்கொண்டேன். கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் படத்தில் வரும் புது நாளின் இலக்கமும் போட்டிருக்கிறேன். பழையதை அடிக்க மனம் வரவில்லை.

வியாழன் காலை ஏழரைக்கு வேன் புறப்பட்டது. தங்கையின் மடியில் இடியப்பப் பார்சல். தனியாக ஓர் அறையில் எப்படி இருப்பாளோ என்று சித்தி புலம்பியபடி இருந்தார். அவள் போய் ஒன்பதாம் நாள் எனக்கு முதல் செய்தி வந்தது:

"அண்ணே, ஒரு ரூம்ல ஆறு பேர். ஊர்ல இருந்து வந்தவளாம்னு ஆளாளுக்கு ஊட்டி விடாத கொற. போட்டு வந்த சட்ட இறுக்குது. ரெண்டாவது கதை ஒண்ணு தோணியிருக்கு, எழுத அஞ்சு நிமிசம் தனியா கெடைக்கல. இப்பக்கூட பாத்ரூமுக்குள்ள இருந்துதான் எழுதுறேன். இருங்க, யாரோ தட்டுறாங்க."