பரிவட்டமும் அமெரிக்கப் படிப்பும்

பிள்ளைகளே, திருவிழாவில் பெரிய வீட்டுக்காரர் தலையில் பரிவட்டம் கட்டும்போது நான் ஏன் எழுந்து வெளியே போகிறேன் என்று கேட்டீர்கள். சாமி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தத் தலை மேல்தான் கோபம்.

உங்கள் சித்தப்பா இன்டர்மீடியட் பாஸான வருஷம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த ஸ்காலர்ஷிப் அவனுக்குக் கிடைத்தது. பி.ஏ. படிப்பு, சாப்பாடு, கப்பல் டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் எட்டாவதோடு நின்று, தென்காசியில் மளிகைக்கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. பாஸ்போர்ட் வேண்டுமென்றால் நிலபுலம் உள்ளவர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. நமக்குச் செடி நட ஒரு முழம் மண் கிடையாது. எங்கள் அப்பா அந்தப் பெரிய வீட்டு வயலில்தான் பாடுபட்டுச் செத்தார். அந்த உரிமையில் பெரிய வீட்டுக்காரரிடமே போனோம்.

சாரல் காலம். அவர் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தார். பாயில் குப்புறப் படுத்திருக்க, எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். எங்களை நனைந்தபடியே வாசலில் நிற்க வைத்துப் பேசினார்.

"என்னலே, உன் தம்பி சீமைக்குப் போறானாமே?"

"ஆமாய்யா. நீங்க ஒரு ஜாமீன் கையெழுத்து போட்டாப் போதும்."

"போடுதேன். கோயில்ல முதல் பரிவட்டம் யாரு வீட்டுக்குக் கட்டுதாங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"அப்போ முதல்ல எம்மவன் போகட்டும். அடுத்த வருஷம் உன் தம்பி போவட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உங்கள் சித்தப்பா, "ஐயா, அது என் மார்க்கைப் பார்த்துக் குடுத்தது. உங்க மகன் ரெண்டு தடவை பெயிலுல்லா" என்றான்.

"பெயிலானா என்னலே? பரிவட்டம் கட்ட எவன் பரீட்சை வச்சான்?"

"அப்போ ஒண்ணு செய்யுங்க. உங்க மகனுக்குப் பரிவட்டத்தைக் கட்டிக் கப்பல்ல ஏத்திவிடுங்க. எவனும் டிக்கெட்டே கேக்க மாட்டான்."

எண்ணெய் தேய்ப்பவர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகெல்லாம் எண்ணெய் வழிய, "இந்தத் தாலுகாவுல எவன் உனக்குக் கையெழுத்து போடுதான்னு பாக்கேன்" என்றார்.

பார்த்தார். சிவகிரி வரைக்கும் அலைந்தோம். நிலம் உள்ளவர்களெல்லாம் அவருக்குச் சொந்தம், இல்லையென்றால் அவர் வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்கள். ரைஸ்மில் முதலாளி மட்டும் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. அவரு நெல்லு வரலைன்னா என் மில்லு ஓடாது" என்றார். காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

கெடு முடிந்தது. வேறொரு நாட்டுப் பையனுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் சித்தப்பா மதுரையில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். ஸ்காலர்ஷிப் கிடைத்ததாக அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை அவனே அடுப்பில் போட்டான். நான் தடுக்கவில்லை.

போன திருவிழாவில் பெரியவர் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது அவர் தலையில் பரிவட்டம் இருந்தது. "அன்னைக்கு நீங்க விட்டுக் குடுத்திருந்தா, இன்னைக்கு ரெண்டு பயலுவளும் அமெரிக்காவுல இருந்திருப்பானுவ. உன் தம்பி வாயால கெட்டான்" என்றார். நிஜமான வருத்தத்தோடு சொன்னார். இத்தனை வருஷம் போயும், நாங்கள்தான் அவருக்குத் துரோகம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். வயதானவர், பெரிய மனிதர், மன்னிக்கலாமே என்று உங்கள் அம்மா சொல்கிறாள். அவளுக்கு நல்ல மனசு. எனக்கு அது இல்லை. உங்களில் யாருக்காவது நாளைக்கு ஒரு படிப்பு கிடைத்து, அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் காரியம் நடக்கும் என்று யாராவது சொன்னால், போகாதீர்கள். படிப்பே போனாலும் போகட்டும்.