மாதாவுக்கு வைத்த பூ

விருத்தாசலத்தில் கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆனால் ஊருக்கு என்னை ‘ரிப்பன் டீச்சர்’ என்றுதான் தெரியும். காலையில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன் கேட்டில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொருத்தியையும் தலை முதல் கால் வரை பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருக்க வேண்டும். ரிப்பன் கறுப்பாக இருக்க வேண்டும். கொலுசு சத்தம் போடக் கூடாது. பிறந்தநாள் தவிர வேறு நாளில் தலையில் பூ இருக்கக் கூடாது. பெண்ணாடம் பஸ் தாமதமானால் அந்தப் பிள்ளைகளை மன்னிப்பேன். ரிப்பனை மறந்தவளை மன்னிக்க மாட்டேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். “கல்யாணத்துக்குப் போற வழியில இங்க எறங்கிட்டியாடி?” என்று ஒருத்தியைக் கேட்டால், பின்னால் வருகிறவர்கள் தாங்களாகவே பூவைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் அதே ஊர்ப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். தலைமையாசிரியை சிஸ்டர் கேட் பக்கம் வந்து, “டீச்சர் நிக்கறதால எனக்குக் கவலையே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

மாசி மகம் வந்துவிட்டால் பூத்தொல்லை தாங்காது. சிவன் கோயில் திருவிழாவுக்கு ஊரே பூ வைத்துக்கொள்ளும்போது பிள்ளைகள் மட்டும் சும்மா வருவார்களா? பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைகள், எல்லாரும் கனகாம்பரமும் மல்லியுமாக வருவார்கள். கழற்றச் சொன்ன பூவெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய சேரும். அதைக் குப்பையில்தான் கொட்டிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், சிஸ்டர் கேட்டில் நின்று அந்தக் கூடையை எட்டிப் பார்த்தார்.

“இவ்ளோ பூவ யாராவது வீணாக்குவாங்களா? மாதா கெபியில வெச்சிடுங்க டீச்சர்.”

கெபி என்பது பள்ளி வாசலை ஒட்டிக் கல்லால் கட்டிய சின்னக் குகை. உள்ளே மாதா சுரூபம். எனக்கு உடனே உறுத்தியது. “தலையில வெச்ச பூவாச்சே, சிஸ்டர்” என்றேன். இந்துக்கள் மட்டுமில்லை, எங்கள் வீட்டிலும் ஒருத்தர் சூடிய பூவைச் சுரூபத்துக்கு வைக்க மாட்டார்கள். முகர்ந்து பார்த்த பூவைக்கூட வைக்க மாட்டார்கள்.

சிஸ்டர் சிரித்தார். “அதெல்லாம் நம்ம ஜனங்களோட பழக்கம். பிள்ளைங்க பூவ மாதா வேணாம்னு சொல்ல மாட்டாங்க.”

கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் பள்ளியின் மாணவித் தலைவி. ‘நம்ம ஜனங்க’ என்ற சொல்லுக்கு என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அன்றிலிருந்து பூவைக் கெபிக்குக் கொண்டுபோய் வைத்ததும் அவள்தான்.

அவளைத் தலைவியாக்கியது நான். டாக்டர் வீட்டுப் பெண்ணைப் போடலாம் என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிற இவள்தான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் அப்பா பயந்துகொண்டிருந்த காலம். கன்னியர்களின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு கிடைத்தால் போதும் என்பது அவள் ஆசை. அதற்கு சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குப் போகும். எனக்குப் பெண் பிள்ளை இல்லை.

பங்குனி வெயிலில் ஊரில் அம்மை கண்டது. எங்கள் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகப் படுத்தார்கள். ஒரு நாள் காலை, இடுப்பில் வேப்பிலை செருகிய பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். நேராக ஆபீசுக்குப் போகாமல் முதலில் கெபிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகுதான் சிஸ்டரிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். அவர்தான் பேசினார்.

“எம்பொண்ணு தலையில வெச்ச பூவ எடுத்து மாதாவுக்குப் போட்டிருக்காங்க சிஸ்டர். தெய்வத்துக்கு அடுக்குமாங்க? கோவம் எங்க வூட்டுப் புள்ள மேலதான எறங்கியிருக்குது?”

அவருக்கு எங்கள் மாதா மேல் வருத்தமே இல்லை. மாதாவை அவமதித்துவிட்டோமே என்றுதான் நடுங்கினார். நான் கதவருகில் நின்றிருந்தேன். சிஸ்டர் நல்லபடியாக எடுத்துச் சொல்லுவார், ‘நான்தான் சொன்னேன், அன்பாகச் செய்தது, பயப்படாதீங்க’ என்பார் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா டீச்சர்? கெபியில யாரு வெக்கச் சொன்னது?”

முதலில் எனக்குப் புரியவில்லை. மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். “நீங்கதான சிஸ்டர், கேட்டுல நின்னு…” என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறவில்லை. “நான் பூவ எடுக்கச் சொல்லுவேன். தலையில வெச்சத மாதாவுக்கு வைன்னு நான் சொல்லுவேனா?” என்று அந்தப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். கன்னியர் பொய் சொல்லுவார் என்று யார் நம்புவார்கள்? நானே அது வரை நம்பியதில்லை.

வெளியே வராந்தாவில் தலைவி நின்றாள். நான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். “இவ பக்கத்துலதான் இருந்தா. நீ சொல்லும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். “டீச்சர்தான் வெக்கச் சொன்னாங்க சிஸ்டர்” என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. நான் பிடித்திருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் அசெம்பிளியில் மைக் முன்னால் நிற்க வைத்து மறுபடியும் கேட்கச் சொன்னார்கள். “என் புத்திக் குறைவால் நடந்துவிட்டது” என்ற வாக்கியத்தை சிஸ்டரே சொல்லிக் கொடுத்தார். பட்டறைக்காரப் பெண் ஓரமாக நின்று கேட்டுவிட்டு என்னிடம் வந்து, “வுடுங்க டீச்சர், தெரியாம செஞ்சீங்க, மாதாவே மன்னிச்சிடுவாங்க” என்று கையைப் பிடித்தார்.

அன்று மாலை சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். குரலில் பழைய பிரியம் அப்படியே இருந்தது. “மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். சபை மேல ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க. உங்கள மட்டுந்தான் நான் உரிமையா நெனைக்க முடியும்.” பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். “அந்தப் பொண்ண நல்லா பழக்கியிருக்கீங்க. எங்க என்ன பேசணும்னு தெரிஞ்சிருக்குது. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் காலை நான் கேட்டுக்குப் போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டில் கூட்டம் கலைந்து சத்தமாகும், யாராவது ஓடி வந்து என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன். நான் நிற்கிற இடத்தில் அவள் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருத்தியாகத் தலை முதல் கால் வரை பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே ஏதோ கேலி சொன்னாள் போலிருக்கிறது, பிள்ளைகள் சிரித்தார்கள்.