ரேவதி நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

நாலு வருடத்துக்கு முன், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, கனடாவின் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் உள்ள எங்கள் கோயிலில் நடந்தது இது. பழைய கிடங்கு ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருந்தோம். கீழே சந்நிதிகள். மேலே, திருவிழாவுக்கு வரும் நாதஸ்வரக்காரர்கள் தங்க ஓர் அறை. மாலையில் எனக்குத் தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. காலையில் கோயில் மடைப்பள்ளியில் உதவிக்கு நிற்பேன்.

அந்த மேல் அறையில் அப்போது ஒரு பெண் தங்கியிருந்தார். வன்னியிலிருந்து வந்தவர். அகதி வழக்குத் தோற்று, திருப்பி அனுப்ப நாளும் குறித்துவிட்டார்கள். அவர் விமானத்துக்குப் போகவில்லை. ஒரே ஒரு பையோடு கோயிலுக்கு வந்துவிட்டார். மனிதாபிமான அடிப்படையில் இங்கே இருக்க விடும்படி போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வருமுன் பிடிபட்டால் அனுப்பிவிடுவார்கள்.

அவரை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று நிர்வாக சபை இரண்டு நாள் வாதாடியது. கடைசியில் ஓர் இளம் வழக்கறிஞரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னது.

"கோயிலுக்கெண்டு தனிச் சட்டம் ஒண்டும் இல்லை. கும்பிடுற இடத்துக்குள்ள எல்லைச் சேவைக்காரர் வாறது குறைவு. அது வழக்கம், சட்டம் இல்லை. ஆரும் கேட்டால் பொய் சொல்லாதேங்கோ. மேல்கதவைத் திறக்கச் சொன்னால் ஜட்ஜ் தந்த பேப்பரைக் கேளுங்கோ. அதிலை கோயில் அட்ரஸ் இருக்கவேணும்."

அவர் இங்கே இருப்பதை அரசாங்கத்துக்கு நாங்களே எழுதி அறிவித்துவிட்டால், ஒளித்து வைத்ததாக ஆகாது என்றும் சொன்னது. அந்தக் கடிதத்தைத்தான் சபை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

காலையில் வாசலைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "அண்ணை, வாய் திறக்காம இருக்கிறதிலை உங்களை வெல்ல ஆள் இல்லை. உந்த வேலைக்கு நீங்கள்தான் சரி," என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை, மேல் அறையில் என்னோடு மரக்கறி வெட்டும்போது அந்தத் தங்கச்சி சொன்னார்: "இண்டைக்கு என்ரை நட்சத்திரம் அண்ணை. ஊரிலையெண்டா அர்ச்சனை செய்திருப்பன். இஞ்சை கீழ வரவே பயமாக் கிடக்கு." எனக்கு மனம் கேட்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு அர்ச்சனைச் சீட்டு எடுத்து, அவருடைய முழுப் பெயரையும் ரேவதி நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஐயர் வழக்கம்போல மைக்கில் வாசித்தார். அது எங்களுக்குத் தினமும் காதில் விழுகிற சத்தம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து சனம் போய்விட்டது. ஐயர் உள்ளே இருந்தார். நான் செருப்பு வைக்கும் தட்டுகளுக்குக் கீழே உருகிக் கிடந்த பனித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லைச் சேவை அதிகாரிகள் இருவர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பெண் அதிகாரி செருப்பைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

மற்றவர் அந்தத் தங்கச்சியின் பெயரைச் சொன்னார். "உங்கள் பூசையை இணையத்தில் பார்த்த ஒருவர், இந்தப் பெயர் வாசிக்கப்பட்டது என்று எங்களுக்குச் சொன்னார். அவர் இங்கே இருக்கிறாரா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொரோனா காலத்திலிருந்து எங்கள் பூசை நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. இவர்களை வாசலுக்குக் கூட்டி வந்தது என் அர்ச்சனைதான்.

நான் திரும்பவும் தரையைத் துடைக்கத் தொடங்கினேன். மேல் அறையின் தரைப்பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "மேலே போகும் அந்தப் படிக்கதவைத் திறக்க முடியுமா?"

"பேப்பர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

ஆண் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் ஓரளவு விளங்கும், வாசிக்க வராது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரிந்தது. ஆனால் இருபது வருடம் பெட்டிகளை இலக்கம் பார்த்து அடுக்கியவன். இலக்கங்களை மட்டும் தேடினேன். எங்கள் கோயில் இலக்கத்தில் நாலு எண்கள். தாளில் அந்த இலக்கம் எங்கேயும் இல்லை. வேறொரு தெருவிலக்கமும், அடுக்குமாடி வீட்டு இலக்கமும்தான் இருந்தன. அந்தத் தங்கச்சி முன்பு குடியிருந்த வீடாக இருக்கவேண்டும். நான் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது எங்கள் நம்பர் இல்லை," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆண் அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் விரலை எடுக்கவில்லை. கடைசியில் பெண் அதிகாரி அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்டினார். "நாங்கள் மறுபடி வரக்கூடும்," என்றார். போய்விட்டார்கள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளருக்குப் போன் எடுத்து, அர்ச்சனை செய்வித்தது நான்தான் என்று முதலில் அதைத்தான் சொன்னேன். "வாய் திறக்காத மனுசன் எண்டு நம்பி வாசல்லை விட்டால், நீங்கள் மைக்கிலை சொல்ல வச்சிட்டியளே அண்ணை," என்றார். அதற்கு மேல் ஏசவில்லை.

மேலே போனேன். அந்தத் தங்கச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். "அவ்வளவு தூரத்துக்குக் கேட்டதெண்டா, சுவாமிக்கும் கேட்டிருக்கும்தானே அண்ணை," என்றார்.

அன்று பின்னேரமே சபை அந்தக் கடிதத்தை அனுப்பியது. இன்னார் எங்கள் கோயிலில்தான் இருக்கிறார், நாங்கள் ஒளிக்கவில்லை என்று. அதற்குப் பிறகு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் படிக்கதவைத் திரும்பிப் பார்த்தேன். சரியான இலக்கம் போட்ட தாளோடு ஒருவரும் வரவில்லை. கோடை தொடங்கியபோது அவருக்கு இங்கேயே இருக்க அனுமதி வந்தது.

இப்போது அவர் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறார். என் நட்சத்திரம் வரும் நாளில் அங்கிருந்து வந்து, என் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். ஐயர் அதை மைக்கில் வாசிக்கும்போது எனக்குக் கூச்சத்தில் தலை குனிந்துவிடும். ஆனாலும், ஒரு மனிதனின் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி பயமில்லாமல் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.