முற்றத்தில் ஒரு கயிறு குறைந்தது

தையல்கார அக்காவுக்கு எந்த வேலையையும் அரைகுறையாக விட்டால் தூக்கம் வராது. கையைக் கடிக்காமல் முற்றத்தை அழகுபடுத்த வேண்டும் என்று தீர்மானித்ததும், காலி பெயின்ட் டப்பாக்களுக்கு வண்ணம் அடித்துச் செடி வைத்தாள். உடைந்த ஓட்டுச் சில்லுகளை நூல் பிடித்தாற்போல் பாதையோரம் பதித்தாள். வாசற்படியிலிருந்து கழிப்பறை வரை தொங்கிய பழைய துணிக்கொடி மட்டும் கண்ணை உறுத்தியது. துணியை மாடியில் காயப்போட்டுக்கொள்ளலாம் என்று அதை அறுத்துப் போட்டாள்.

"அக்கா, இது நம்ம வீடுதானா? இனிமே செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் வரணும்போல" என்று தம்பி கிண்டலடித்தான். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை அப்பா டீயைத் தொடவில்லை. இரவில் தண்ணீரும் வேண்டாம் என்றார். மறுநாள் காலை அவர் படியில் நின்று காற்றில் கையைத் துழாவுவதை அவள் பார்த்துவிட்டாள். பார்வை மங்கியதை யாரிடமும் சொல்லாமல், அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கழிப்பறைக்குப் போய்வந்திருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாப்பா?"

"ஆசை ஆசையா செஞ்சிட்டிருந்தியேம்மா. கயிறு எங்கேன்னு கேட்டா, உன் வேலையில குறை சொன்ன மாதிரி ஆயிடும். உனக்கு அது பொறுக்காதே."

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா போம்மா" என்றார் அப்பா. "எதையாவது மிதிச்சுக் கெடுத்துடப்போறேன்."