குத்திய பல்

தாமிரபரணித் தண்ணீரில் ஓடிய ஒரு பஞ்சாலையில் அப்பா எந்திரம் பூட்டிச் சரிபார்க்கிற பிட்டராக இருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. மத்தியானம் சோற்றுத் தூக்கோடு ஆலைக்குப் போவது என் வேலை. யாராவது பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்ளுகிற பிள்ளை நான்.

சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஒரு பல்சக்கரம் வந்தது. ஆளுயரத்துக்கும் மேலே. அதன் பற்களில் எந்திரம் வெட்டிய கோடுகள் அப்படியே இருந்தன. அந்தக் கோடுகளின் மேட்டை அரத்தால் ராவி எடுக்காமல் ஓட்டினால், எதிரே சுற்றுகிற சின்னச் சக்கரத்தின் பல்லைச் சுரண்டிவிடுமாம். சுரண்டிய இரும்புத்தூள் எண்ணெயில் கலந்து இரண்டையும் தின்றுவிடுமாம். பழைய சக்கரம் அப்படித்தான் போயிற்று என்று அப்பா அம்மாவிடம் சொல்லுவார்.

ராவிய பல் சரியா என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அப்பா விரல்களோ காய்த்து மரத்துப் போயிருந்தன. அது ஆலையில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் சாப்பிடப் போனதும் என்னைச் சக்கரத்தடிக்குக் கூட்டிப்போவார்.

"ஏட்டி, பைய தடவு. எங்கன குத்துதோ அங்கன நில்லு."

நான் நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்வார்.

கடைசி நாள் நாலைந்து பல்தான் பாக்கி. வெளியே ஆலையை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை வருவதற்குள் ஓடிவிடவேண்டும் என்று பரபரவென்று தடவினேன். ஒரு பல்லில் சுருக்கென்றது. சொன்னால் இன்னும் நிற்கவேண்டுமே. குத்தவில்லை என்று சொல்லி, விரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். உள்ளே வந்த துரையிடம், காலையில் மடைத்தண்ணீரைத் திறந்துவிட்டுச் சக்கரத்தை ஓட்டலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். புளிக்குழம்பில் கை வைத்ததும் எரிந்தது. அம்மா விரலைப் பிடித்துப் பார்த்தாள். மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

அப்பாவும் பார்த்தார். "எந்தப் பல்லுட்டி?" என்றார்.

கடைசிக்கு முந்தினது என்றேன். அவர் திட்டவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு துரை பங்களாவுக்கு நடந்தார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் பின்னாலேயே ஓடி, வேலியோரம் நின்றேன்.

ஒரு பல் சொரசொரப்பாக இருக்கிறது, ஓட்டவேண்டாம் என்று அப்பா சொன்னார். மத்தியானம் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது என்று துரை கேட்டார். நான் வேலிக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அப்பா இரண்டு கையையும் துரை முன்னால் விரித்தார். பிறகு, "என் கை தப்பிருச்சு துரை. வெரலு மரத்துப் போச்சு" என்றார்.

மறுநாள் அந்தப் பல்லை வேறொருவர் ராவினார். சக்கரம் நல்லபடியாக ஓடியது. அப்பாவை ராவுகிற வேலையிலிருந்து எடுத்து எண்ணெய் போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். விளக்கு வைக்குமுன்னே வீட்டுக்கு வந்துவிடுவார். என் பேர் வெளியே வரவில்லை, அப்பாவும் சீக்கிரம் வந்துவிடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் அரங்களை அம்மா ஏன் பழைய சேலைத்துணியில் சுற்றிப் பரணில் போட்டாள் என்று நான் கேட்கவே இல்லை.