ஆறரை பெரியதா, இரண்டு பெரியதா?

சென்ற சனிக்கிழமை நார்த் பிரிட்ஜ் ரோட்டு வாத்தியக் கடை வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் கூடி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் வாங்கப் போனது ஒரு ட்ரம்பெட். போட்டதோ சண்டை!

நாங்கள் என்றால் மூன்று பேர். தஞ்சோங் பகாரில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்க்கும் என் நண்பர் ஆரோக்கியசாமி ஒருவர். மாதா கோயில் திருநாளில் அவர் ட்ரம்பெட் ஊதிக் கேட்காதவர் சிராங்கூன் ரோட்டில் உண்டா? அடுத்தவர் நாடகக் கம்பெனி ஹார்மோனியக்காரர் காதர் பாய். சுருதி விஷயத்தில் புலி. மூன்றாவது நான். எதற்குப் போனேன்? சும்மா... இந்தப் பத்திரிகைப் பத்திக்கு ஏதாவது கிடைக்குமே என்றுதான்.

விஷயம் இதுதான். டவுன் ஹாலில் வெள்ளைக்காரர்கள் நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆரோக்கியத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. நம்மவர் ஒருவர் அங்கே உட்காருவது லேசா? ஆனால் ஒத்திகையில் உச்சியில் இருந்த ஒரு சுரம் உடைந்துவிட்டது. மறுபடி ஊதினார். மறுபடி உடைந்தது. உயர்ந்த சுருதி ட்ரம்பெட் ஒன்று கொண்டு வா, செவ்வாய்க்கிழமையும் உடைந்தால் நாற்காலி வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார் கோலசைத்து வாத்தியங்களை நடத்தும் கண்டக்டர் துரை. அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று 'சி', மற்றது 'டி'. நம் கணக்கில் இவை என்ன என்று பாய் விரலை மடக்கினார். ஹார்மோனியத்தில் நாம் சுருதியைக் கட்டை என்றுதானே எண்ணுகிறோம்? 'சி' ஒரு கட்டை. 'டி' இரண்டு கட்டை. ஆரோக்கியத்தின் பழைய ட்ரம்பெட்? ஆறரை!

ஆரோக்கியம் 'டி'யைக் கையில் எடுத்தார். பாய்க்கு வந்ததே கோபம்.

"ஏன்யா, ஆறரையக் கையில வச்சுக்கிட்டு ரெண்டுக்கு இறங்குறியே, புத்தி இருக்கா? மேல போகணும்னா ஏழு கேளு!"

"இல்ல பாய், குழல் குட்டையா இருக்கு பாருங்க. இது மேலதான் பேசும்."

"கட்டை பொய் சொல்லாதுலா!"

நானும் பாய் பக்கம் ஆமாம் போட்டேன். ஆறரை பெரியதா, இரண்டு பெரியதா? சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமே! ஆரோக்கியம் குழம்பிப்போய் 'டி'யைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடைக்கார யுரேஷியருக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஊதிப் பாருங்கள், அப்புறம் சண்டை போடுங்கள் என்று மலாயில் அதட்டி, அதை எடுத்து அவர் கையில் திணித்தார். ஆரோக்கியம் ஊதினார்.

பாய் கடை ஹார்மோனியத்தில் அந்தச் சுரத்தைத் தேடினார். ஆறரையைத் தாண்டினார். ஏழையும் தாண்டினார். விரல் போய் நின்ற இடம் அடுத்த ஸ்தாயியின் இரண்டு! ஏழுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறோம் — தினமும் அதை வாசிக்கிறவருக்கே மறந்துபோயிருந்தது.

"அட, இது மாடி வீட்டு ரெண்டு!" என்று பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கென்னவோ 'சி'தான் பிடித்தது. ஒலி நல்ல கனம். 'டி' கொஞ்சம் மெலிசு. ஆனால் ஆரோக்கியம் அசையவில்லை.

"நீளக் குழல்ல மேல் சுரமெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது ஐயா. ஒண்ணைத் தொடப் போனா பக்கத்துல இருக்கிறது வந்து விழுது. இதுல தள்ளித் தள்ளி நிக்கும். ஒத்திகையில உடைஞ்ச அந்தப் பாட்டும் 'டி'யிலதான் இருக்கு."

உதட்டுக்கு உழைப்பு என்னவோ அதேதான். கால் வைக்கும் படி மட்டும் கொஞ்சம் அகலம். பயந்தவனுக்கு அதுவே பெரிய உதவி இல்லையா?

செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். சுரம் உடையவில்லையாம்.

"துரை என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல ஐயா. அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாரு."

சொல்லும்போதே அவர் கண்ணில் நீர். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திட்டாமல் விட்டதற்கே அழுகிறோம்... 'சபாஷ்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன ஆவோமோ!